பழைய ரேடியல் ஆர்ம் ரம்பத்துக்கு எந்த பிளேடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மில் மூடியபோது தச்சுப் பட்டறைச் சாமானோடு லாட்டாக வந்தது, ஃபவுண்டரி பேட்டர்ன் ஷாப்பின் மூலையில் தூசி மண்டிக் கிடந்தது, கப்பலில் வந்த பழைய மெஷின்களுக்கு நடுவே அகப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஆர்ம் ரம்பம் ஒருவர் கைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். வாங்கியவர் முதல் வேலையாக ஹார்டுவேர் கடைக்குப் போய் "10 அங்குல பிளேடு ஒண்ணு குடுங்க" என்பார். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது டேபிள் ரம்பத்துக்கான பிளேடாக இருக்கும். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

ஏனுங்க, ஆர்ம் ரம்பமும் மைட்டர் ரம்பமும் ஒண்ணுதானே?

இல்லை. ரேமண்ட் டீவால்ட் என்ற அமெரிக்கர் 1922-இல் வடிவமைத்த மெஷின்தான் ஆர்ம் ரம்பம். பின்னால் ஒரு தூண், அதன் தலையில் முன்னோக்கி நீளும் ஒரு கை, அந்தக் கையின் தடத்தில் உருண்டு வரும் கேரியேஜ், அதில் தொங்கும் மோட்டார். பிளேடு நேரே மோட்டார் ஷாஃப்டில் உட்காரும்; பெல்ட் கிடையாது. மரத்தை ஃபென்ஸில் (மேஜையின் பின்புறத் தடுப்புப் பலகையில்) அணைத்து வைத்துவிட்டு, சுற்றுகிற பிளேடை நம்மை நோக்கி இழுத்து அறுக்க வேண்டும்.

இழுக்கும் ஸ்லைடிங் மைட்டர் ரம்பம் பார்த்தவர்கள் அதே பழக்கத்தில், பிளேடை முதலில் முன்னால் கொண்டுவந்து பிறகு பின்னால் தள்ளி அறுக்கலாமா என்று கேட்பதுண்டு. கூடாது. ஆர்ம் ரம்பத்தில் பிளேடின் அடிப்பக்கப் பற்கள் ஃபென்ஸை நோக்கி ஓடுகின்றன. இழுக்கும்போது அந்த ஓட்டமே மரத்தை மேஜையிலும் ஃபென்ஸிலும் அழுத்திப் பிடிக்கும். தள்ளினால் அறுக்கிற பற்கள் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்; மரத்தைத் தூக்கிவிடும்.

டேபிள் ரம்ப பிளேடை மாட்டினால் என்ன ஆகும்? பல் பல்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிளேடின் மையத்திலிருந்து ஒரு பல்லின் நுனிக்கு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். பல்லின் முகம் அந்தக் கோட்டின் மேலேயே படிந்திருந்தால் ஹூக் (பல் சாயும் கோணம்) பூஜ்யம். கொக்கி போல முன்னுக்கு வளைந்து நின்றால் பாசிட்டிவ் ஹூக். நுனி பின்வாங்கி நின்றால் நெகட்டிவ் ஹூக். டேபிள் ரம்பத்தில் நீளவாக்கில் அறுக்கும் பிளேடுகளுக்கு 15 முதல் 20 டிகிரி வரை பாசிட்டிவ் இருக்கும். அங்கே மரத்தைத் தள்ளுவது நம் கை. பிளேடு நம் கைக்கு எதிராகச் சுற்றுகிறது. அதனால் கொக்கி எவ்வளவு இருந்தாலும் வேகம் நம் வசம்.

ஆர்ம் ரம்பத்தில் நாம் இழுக்கும் திசையும் பிளேடு தானாக ஓடப் பார்க்கும் திசையும் ஒன்று. கொக்கிப் பல் மரத்தைக் கவ்வியதும் ஒரு சக்கரம் தரையில் உருள்வது போல மரத்தின் மேல் ஏறி உருண்டு நம்மை நோக்கிப் பாயும். மெல்லிய பலகையில் இது லேசான இழுப்பாகத்தான் தெரியும். 2 அங்குல வேங்கைக் கட்டையில் மோட்டார் அடைத்து நிற்கும், அல்லது கேரியேஜ் ஒரே தாவில் கையின் முனை வரை வந்துவிடும். நம் கை தளர்வாக இருந்தால் எதுவும் நடக்கலாம்.

ஆகவே குறுக்கறுப்புக்குப் பூஜ்யம் முதல் மைனஸ் 6 டிகிரி வரை உள்ள ஹூக் வேண்டும். மைனஸ் 5 எங்கள் தேர்வு. அப்போது பிளேடு தானாக வராது. நாம் இழுத்தால்தான் வரும். கொஞ்சம் கூடுதல் இழுவை வேண்டியிருக்கும், அறுப்பு கொஞ்சம் மெதுவாகும். அந்த மெதுவுக்காகத்தானே நெகட்டிவ் பிளேடு வாங்குகிறோம். 5 டிகிரி பாசிட்டிவ் வரை, அனுபவப்பட்ட கையும் இறுக்கமான கேரியேஜ் பேரிங்கும் இருந்தால் சமாளிக்கலாம். 10-க்கு மேல் வேண்டவே வேண்டாம்.

பாக்கெட்டில் ஹூக் கோணம் போடவில்லை. கடையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு எஃகு ஸ்கேல் எடுத்துப் போங்கள். ஸ்கேலின் ஓரம் மையத்தின் நடுவிலும் ஒரு பல்லின் நுனியிலும் படுமாறு வையுங்கள். பல்லின் முகத்துக்கும் ஸ்கேலுக்கும் நடுவே ஆப்பு வடிவில் வெளிச்சம் தெரிகிறதா, தெரிந்தால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கார்பைடு (பல்லில் ஒட்டிய கடின உலோகத் துண்டு) நுனியிலிருந்து அடிக்கு வரும்போது முகம் ஸ்கேலை விட்டு உள்வாங்கினால், அதாவது நுனி முன்னே துருத்தி நின்றால், பாசிட்டிவ். முகத்தின் அடிப்பகுதி ஸ்கேலைத் தாண்டி முன்னே வந்தால் நெகட்டிவ். 15 டிகிரி கொக்கி பார்த்தவுடனே தெரியும். பூஜ்யத்துக்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் ஸ்கேல் வேண்டும்.

"ஸ்லைடிங் மைட்டர் ரம்பத்துக்கு" என்று அச்சடித்த பிளேடுகள் பெரும்பாலும் நெகட்டிவ் ஹூக்கோடு வருபவை. ஆர்ம் ரம்பத்துக்கென்றே தனியாக விற்கும் பிளேடு இங்கே கிடைப்பது அரிது என்பதால் அவற்றில்தான் தேட வேண்டும். வெறும் "மைட்டர்" என்றிருந்தால் ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எத்தனை பல் வேண்டும்?

10 அங்குலத்துக்கு 60. இதை வைத்துத் தொடங்குங்கள். 12 அங்குலத்துக்கு 60 முதல் 80, 14 அங்குலத்துக்கு 80 முதல் 100.

காரணம் கணக்கில் இருக்கிறது. நம் ஊர் 50 சைக்கிள் கரண்டில் மோட்டார் சுமார் 2850 ஆர்.பி.எம். ஓடும். 60 பல் என்றால் நிமிடத்துக்கு 1,71,000 பல் மரத்தைத் தொடுகின்றன. 300 மி.மீ. அகலப் பலகையை 4 நொடியில் இழுத்தால் ஒரு பல் எடுக்கும் சீவல் சுமார் 0.026 மி.மீ. கார்பைடு நுனி இந்த அளவைச் சுத்தமாக வெட்டும். அதே வேகத்தில் 120 பல் பிளேடு இழுத்தால் 0.013 மி.மீ. அந்த மெல்லிசில் பல் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் சூடு, சூட்டால் கருகல், கூடவே பிளேடு நெளிவு. "பல் கூடினால் ஃபினிஷ் கூடும்" என்பது மெல்லிய பிளைவுட்டுக்குத்தான் பொருந்தும். கட்டை மரத்துக்கு எடுபடாது.

பல்லின் வடிவமும் பார்க்க வேண்டும். ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாறி மாறிச் சாய்ந்த ஏ.டி.பி. பல், மர நாரை முதலில் கத்தி போலக் கீறிப் பிறகு எடுக்கும். திட மரத்தின் குறுக்கறுப்புக்கு அதுவே நல்லது. ஒரு தட்டைப் பல், ஒரு மூலை தட்டிய பல் என்று வரும் டி.சி.ஜி. வகை, எம்.டி.எஃப்., லேமினேட், பார்ட்டிக்கிள் போர்டு ஆகியவற்றில் நீண்ட நாள் உழைக்கும். தேக்கில் ஓரத்தில் லேசாகச் சிராய் விடும். எல்லாம் தட்டையான பல் குறுக்கே ஓடினால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும்.

பிளேடின் ஓட்டை ஷாஃப்டுக்குச் சேரவில்லை. கடையில் புஷ் வளையம் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். சரியா?

அமெரிக்க 8, 9, 10 அங்குல மெஷின்களின் ஷாஃப்ட் பெரும்பாலும் ஐந்தெட்டு அங்குலம், அதாவது 15.88 மி.மீ. 12 அங்குலமும் அதற்கு மேலும் பெரும்பாலும் ஒரு அங்குலம், 25.4 மி.மீ. நம் கடைகளில் தொங்குபவை 25.4, 30 மி.மீ. ஓட்டை உள்ளவை. ஆக, பெரிய மெஷின் வைத்திருப்பவருக்குக் கவலை குறைவு. சின்ன மெஷின்காரருக்குத்தான் அலைச்சல். எதற்கும் உங்கள் ஷாஃப்டை வெர்னியரால் அளந்த பிறகு கடைக்குப் போங்கள்.

பிளேடோடு வரும் 16 மி.மீ. புஷ் 15.88 ஷாஃப்டில் போகும். ஆனால் 0.12 மி.மீ. ஆட்டம் இருக்கும். சின்ன விஷயம் போலத் தோன்றும். பிளேடு ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் மையம் 0.06 மி.மீ. விலகும்.  அப்படியென்றால் ஒரு பக்கப் பற்களுக்கு வேலை கூடும், எதிர்ப்பக்கப் பற்களுக்குக் குறையும். 

கோவை கணபதியிலும் சிங்காநல்லூரிலும் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பித்தளை அல்லது எம்.எஸ். (சாதா எஃகு) வளையம் கடைந்து வாங்குங்கள். சொல்ல வேண்டிய அளவுகள் மூன்று. உள்துளை, நீங்கள் அளந்த ஷாஃப்டைவிட 0.02 மி.மீ. மட்டும் கூடுதல். வெளிவிட்டம், பிளேடு ஓட்டையில் கையால் அழுத்தி உட்காரும் இறுக்கம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: வளையத்தின் தடிமன் பிளேடுத் தகட்டைவிட 0.1 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். தகடு 2.2 என்றால் வளையம் 2.1. கூடினால் ஃப்ளேஞ்ச் (பிளேடை இருபுறமும் இறுக்கும் வட்டத் தட்டு) வளையத்தைப் பிடிக்கும், பிளேடை விட்டுவிடும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிளேடு வழுக்கும்.

தலைகீழாக, நல்ல பிளேடு கிடைத்து அதன் ஓட்டை சின்னதாக இருந்தால் வயர்கட் (மின்கம்பியால் உலோகம் வெட்டும்) பட்டறையில் பெரிதாக்கலாம். பழைய ஓட்டையை டயல் வைத்து மையம் பிடித்துத்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். டிரில்லில் வைத்துப் பெரிதாக்குவது பிளேடைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

என்னுது 9 அங்குல டீவால்ட் எம்.பி.எஃப்ங்க. 9 அங்குலம் எங்கயுமே கிடைக்க மாட்டேங்குது.

216 மி.மீ., அதாவது எட்டரை அங்குல ஸ்லைடிங் மைட்டர் பிளேடு போடுங்கள். 48 முதல் 60 பல், நெகட்டிவ் ஹூக், 30 மி.மீ. ஓட்டைக்கு மேலே சொன்ன வளையம். அறுக்கும் ஆழத்தில் 6 மி.மீ. போகும். அதற்கு ஈடாக மோட்டாருக்குச் சுமை குறையும், பாய்ச்சலும் குறையும். 235 மி.மீ. பிளேடு அளவில் நெருக்கமாக இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அது கையில் பிடிக்கும் சர்குலர் ரம்பத்துக்கானது, கொக்கி அதிகம்.

பெரிய பிளேடு போடலாமா என்றால், கூடாது. கார்டுக்குள் (பிளேடின் மூடிக்குள்) அடங்காது, மோட்டாரும் தாங்காது. சின்னது எப்போதும் போடலாம்.

மெல்லிய பிளேடா, தடித்த பிளேடா?

மோட்டாரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. வீட்டு உபயோகத்துக்கு வந்த 10 அங்குல மெஷின்களின் மேல் "2.5 எச்.பி." என்று ஸ்டிக்கர் இருக்கும், அது மோட்டார் அடைக்கும் நேரத்துக் கணக்கு. தொடர்ந்து ஓடும்போது கிடைப்பது ஒன்று, ஒன்றரை எச்.பி.தான். நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரையும் வோல்டையும் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படிப்பட்டதற்கு 2.4 மி.மீ. வெட்டுத்தடம் (அறுத்துப் போகும் அகலம்) உள்ள பிளேடு பாரத்தைக் குறைக்கும்.

ஆனால் மெல்லிய தகடு நெளியும். முடிச்சு உள்ள கட்டையிலோ 45 டிகிரி சாய்வு அறுப்பிலோ பிளேடு ஒதுங்கிப் போய் அறுப்பு வளைந்துவிடும். 2 எச்.பி.க்கு மேல் உண்மையாகவே கிடைக்கும் வார்ப்பிரும்புக் கை மெஷின் என்றால் 3.2 மி.மீ. முழுத் தடம் போடுங்கள். இடைப்பட்டவர்களுக்கு 2.8. ஸ்டெபிலைசர் தட்டு போட்டால் மெல்லிய பிளேடு நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மை. அந்தத் தட்டு ஃப்ளேஞ்சைவிட எவ்வளவு அகலமோ அதில் பாதி ஆழம் போய்விடும் என்பதும் உண்மை.

அமெரிக்க மோட்டார் 60 சைக்கிள். இங்கே ஓட்டினால் பிளேடுக்கு ஏதாவது ஆகுமா?

பிளேடுக்கு ஒன்றும் ஆகாது. 3450-இல் ஓட வேண்டியது 2850-இல் ஓடும். 10 அங்குல பிளேடின் விளிம்பு வேகம் நொடிக்கு 46 மீட்டரிலிருந்து 38 மீட்டராகக் குறையும். அதற்கேற்ப இழுப்பைச் சற்று மெதுவாக்கினால் போதும். பிளேடில் அச்சடித்த அதிகபட்ச ஆர்.பி.எம். 6000, 7000 என்று இருக்கும். நாம் அதற்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை.

அடி வாங்குவது மோட்டார். 230 வோல்ட், 60 சைக்கிளுக்குச் சுற்றிய காயிலில் 230 வோல்ட், 50 சைக்கிள் கொடுத்தால் இரும்புக்குள் காந்தப்புலம் 20 சதவீதம் கூடுகிறது. சும்மா ஓடும்போதே சுடும், உறுமும். இன்னொரு தொல்லை: சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் ஸ்டார்டிங் ஸ்விட்ச் ஏறத்தாழ 2700 ஆர்.பி.எம்.மில்தான் விடுபடும். இங்கே முழு வேகமே 2850. கனத்த பிளேடு போட்டு அழுத்தி அறுத்தால் வேகம் இறங்கி ஸ்விட்ச் மறுபடி ஒட்டும். ஸ்டார்டிங் கெப்பாசிட்டர் வெடிக்கும். மோட்டாருக்கும் மெல்லிய, சின்ன பிளேடு நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

நிரந்தரத் தீர்வு 230 வோல்ட், 50 சைக்கிளுக்கு ரீவைண்டிங். 1937-லேயே மோட்டார் செய்த ஊர் கோவை. காயில் கட்டத் தெரிந்தவர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. "வேற மோட்டார் போட்டுக்கலாமுங்க" என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்ம் ரம்ப மோட்டாரின் உடலை ஒடுக்கமாகச் செய்திருப்பது பிளேடு மரத்துக்குள் ஆழமாக இறங்கத்தான். பம்ப் மோட்டாரைத் தொங்கவிட்டால் மோட்டார் முதலில் மரத்தை முட்டும். த்ரீ ஃபேஸ் மோட்டாராக இருந்தால் வி.எஃப்.டி. (கரண்டின் சைக்கிளை மாற்றும் கருவி) வைத்து 60 சைக்கிளையே கொடுத்துவிடலாம். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு வி.எஃப்.டி. ஆகாது.

அலுமினிய ஜன்னல் வேலைக்காரர்களின் பிளேடு நெகட்டிவ் ஹூக்தானாமே. அதைப் போடலாமா?

போடலாம், ஒரு எல்லைக்குள். 255 மி.மீ., 25.4 ஓட்டை, 100 அல்லது 120 பல், டி.சி.ஜி. வடிவம் என்று இது எளிதாகக் கிடைக்கும். பெரும்பாலும் நெகட்டிவ் ஹூக். எல்லாமே அல்ல, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 18 மி.மீ. பிளைவுட், லேமினேட் ஒட்டிய போர்டு, எம்.டி.எஃப். ஆகியவற்றில் அருமையாகப் போகும். ஓரம் கண்ணாடி போல வரும். தேக்குக் கட்டையில் இறக்கினால் முன்பு சொன்ன தேய்ப்பும் கருகலும்தான்.

மார்பிள் கட்டர் பிளேடு, செயின் ரம்பப் பல் வைத்த வட்டு இவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம்.

நம்ம ஊர் மரங்களுக்கு ஏதாவது தனியாகப் பார்க்கணுமா?

பார்க்கணும். இதை எழுதப்போனால் தனிப் பக்கமே வேண்டும்.

தேக்கில் சிலிக்கா உண்டு. ஆனைமலைத் தேக்கானாலும் நிலம்பூர்த் தேக்கானாலும் எஃகுப் பல்லை அரை நாளில் மழுங்கடிக்கும். கார்பைடு மட்டுமே. 60 பல் ஏ.டி.பி. போதும்.

பொள்ளாச்சித் தென்னை வேறு ரகம். வெளிவட்டம் இரும்பு, நடு பஞ்சு. ஒரே அறுப்பில் இரண்டையும் கடக்கும்போது கடினத்திலிருந்து மென்மைக்குப் போகும் இடத்தில்தான் பிளேடு பாயும். கொக்கி இருந்தால் நிச்சயம் பாயும். ஹூக் மைனஸ் 5 ஆவது இருக்கட்டும், கையை முட்டியில் மடக்காமல் விறைப்பாக வையுங்கள். பனஞ்சட்டமும் அப்படியே, கருநார் பிய்ந்து ஊசி போலக் கையில் ஏறும், ஃபென்ஸ் பக்கம் ஒரு வேண்டாத பலகையை அணை கொடுத்து அறுங்கள்.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டு வெள்வேலம், வண்டிச் சக்கரத்துக்குப் போன கருவேலம், சீமைக்கருவேலம் எல்லாம் கடினம். 2 அங்குலத்துக்கு மேல் தடிமன் என்றால் ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். பிளேடை உயர்த்தி வைத்துப் பாதி ஆழம், பிறகு இறக்கி மீதி. இவற்றுக்கு 60-ஐவிட 48 பல் வேகமாகவும் குளிர்ச்சியாகவும் போகும். வாகை அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூளுக்குத் தும்மல் நிற்காது.

ஈரம் காயாத மா, வேம்பு: நார் விரிந்து பிளேடை இறுக்கும். மெல்லிய தகடு இங்கே சிக்கும். முழுத்தடம் போடுங்கள், அல்லது காயவிடுங்கள்.

பழைய தொட்டிக்கட்டு வீடு பிரித்த மரம் தங்கம். அதற்குள் ஆணியும் தங்கியிருக்கும். காந்தம் அல்லது மெட்டல் டிடெக்டர் வைத்து ஒரு முறை, கண்ணால் ஒரு முறை தேடுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் அந்த முதல் அறுப்புக்கு மட்டும் பழைய பிளேடு ஒன்றை ஒதுக்கி வையுங்கள். நெகட்டிவ் ஹூக்கும் டி.சி.ஜி. வடிவமும் ஒன்றிரண்டு சின்ன ஆணியைத் தாங்கும், கூர்மையான ஏ.டி.பி. நுனி உடைந்து தெறிக்கும்.

நீளவாக்கில் அறுக்க எந்த பிளேடு?

முடிந்தால் மர மில்லிலோ டேபிள் ரம்பத்திலோ அறுத்துக்கொள்ளுங்கள். ஆர்ம் ரம்பத்தில் செய்துதான் ஆகவேண்டும் என்றால் 24 முதல் 30 பல், தட்டைப் பல், ஹூக் 5 டிகிரிக்குள். நீளவாக்கில் மோட்டாரைத் திருப்பி நிறுத்தி மரத்தைத் தள்ளும்போது பற்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. கொக்கி கூடினால் மரம் மேஜையை விட்டு எழும்பும். கார்டின் மூக்கை மரத்துக்கு மேல் 3 மி.மீ. இடைவெளி வரை இறக்கி அந்த எழும்பலைத் தடுக்க வேண்டும். மறுபக்கம் கிக்-பேக் (மரம் திருப்பி எறியப்படுவது) தடுக்கும் பற்கட்டை மரத்தின் மேல் படிய வேண்டும்.

மரத்தைப் பிளேடு சுற்றும் திசைக்கு எதிராக மட்டுமே ஊட்டுங்கள். தவறான பக்கத்திலிருந்து ஊட்டினால் பிளேடு மரத்தைக் கவ்வி அம்பு போல எறியும். பிடித்திருந்த கையும் கூடவே போகும்.

நட்டு கழலவே மாட்டேங்குது. எந்தப் பக்கம் திருப்பணும்?

பெரும்பாலான ஆர்ம் ரம்பங்களில் இடதுகை மரை. நட்டைப் பார்த்து நின்றால் கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும். மறந்துவிட்டால் ஒரு சூத்திரம்: பிளேடு எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் நட்டு கழலும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு இதையெல்லாம் செய்யுங்கள். ஷாஃப்டின் முனையில் ஆலன் சாவிக்கு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பானரைத் திருப்புங்கள். பல்லுக்கு நடுவே கட்டை கொடுத்து முறுக்கினால் கார்பைடு நுனி போகும், மோட்டார் பேரிங்கும் பாழாகும்.

பிளேடைக் கழற்றிய கையோடு ஃப்ளேஞ்சை ஆயில் ஸ்டோனில் தேய்த்துத் துருவும் பிசினும் எடுத்துவிடுங்கள். ஃப்ளேஞ்சில் ஒட்டிய ஒரு துகள் பிளேடின் விளிம்பில் பல மடங்கு ஆட்டமாகத் தெரியும். டயல் கேஜ் இருந்தால் ஷாஃப்டில் 0.03, பிளேடின் விளிம்புக்குப் பக்கத்தில் 0.1 மி.மீ.க்குள் ஆட்டம் இருக்க வேண்டும்.

புது பிளேடு போட்டும் ஒரு பக்கம் கருகுகிறது, பின்பக்கம் சிராய் விடுகிறது. பிளேடு மோசமா?

பத்தில் ஒன்பது முறை பிளேடு மோசமில்லை. பிளேடு இருக்கும் தளமும் அது ஓடும் தடமும் இணையாக இல்லை. முன்பல் அறுத்துவிட்டுப் போன பாதையில் பின்பல் ஒட்டி வராமல் ஓரமாகச் சுரண்டிக்கொண்டு வருகிறது. இதைக் குதிகால் விலகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுத்தடத்தை அளந்து பாருங்கள்; பல்லின் அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால் இதுதான் நோய்.

பார்க்கும் முறை: பிளக்கைப் பிடுங்கி, மேஜையில் மூலைமட்டத்தை ஃபென்ஸில் ஒட்டி வையுங்கள். பிளேடின் பின்புறம் உள்ள ஒரு பல்லில் மார்க்கரால் குறியிட்டு அது மூலைமட்டத்தைத் தொடும்படி நகர்த்துங்கள். அதே பல்லைக் கையால் சுற்றி முன்புறம் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உரச வேண்டும். வித்தியாசம் இருந்தால் மோட்டாரைக் கேரியேஜோடு பிடிக்கும் நுகத்தின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். வேறு பல்லை வைத்துப் பார்க்காதீர்கள். பிளேடின் ஆட்டம் கணக்கைக் குழப்பும்.

இதைச் செய்வதற்கு முன்னால் கை ஃபென்ஸுக்குச் செங்குத்தா என்று பார்த்திருக்க வேண்டும். 300 மி.மீ. அகலப் பலகையை அறுத்து, ஒரு பாதியைக் குப்புறத் திருப்பி ஓரத்தோடு ஓரம் சேருங்கள். தெரியும் இடைவெளியில் பாதிதான் உண்மையான பிழை. அதற்கும் முன்னால் தூணில் ஆட்டம், கேரியேஜ் பேரிங்கில் ஆட்டம். கையின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் டக்கென்று சத்தம் வரக்கூடாது. ஆட்டம் உள்ள கேரியேஜில் எந்த பிளேடும் பாயும், மைனஸ் ஹூக் உட்பட.

கடைசியாக, மேஜை மேல் போட்ட தியாகப் பலகையில் பிளேடு 1 முதல் 2 மி.மீ. வரை மட்டும் இறங்கட்டும். பழைய பலகையில் தடம் அகன்று போயிருந்தால் மரத்தின் அடிக்கு அணை இல்லை; சிராய் விடத்தான் செய்யும். ஒரு 6 மி.மீ. எம்.டி.எஃப். துண்டை மேலே ஆணியடித்து மாற்றுங்கள். அந்த ஆணி பிளேடு வரும் வழியில் இருக்கக்கூடாது என்று எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறோம்.

மெஷினோடு வந்த பழைய எஃகு பிளேடுகள் இருக்கு. பழைய இரும்புக்குப் போட்டுடலாமுங்களா?

அவசரம் வேண்டாம். நேராக இருந்தால், விரிசல் இல்லாமல் இருந்தால், பைன், சில்வர் ஓக் போன்ற மெத்து மரத்துக்கு நல்ல எஃகு பிளேடு இன்றும் கார்பைடைவிடச் சுத்தமாக அறுக்கும். மழுங்கினால் அரத்தாலேயே கூராக்கலாம், பல்லை இடம் வலமாக மடித்துக் கொடுக்கலாம். நூலில் தொங்கவிட்டு ஒரு கட்டையால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் வைத்துக்கொள்ளுங்கள், உடைந்த சட்டி போல ஒலித்தால் விரிசல். பல்லின் அடிக்குழியில் விரிசல் கண்ட பிளேடை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

சாணை, சுத்தம்?

மழுங்கியதாக நினைக்கும் பிளேடுகளில் பாதி அழுக்குப் பிடித்தவைதான். வெதுவெதுப்பான நீரில் துணிசோப்புத் தூள் கரைத்து அரை மணி ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். விடாத பிசினுக்கு மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன். காஸ்டிக் சோடா வேண்டாம். கார்பைடு துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கோபால்ட்டை அது அரிக்கும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். துடைத்துக் காயவைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள்.

சுத்தம் செய்தும் கருகினால், பல் நுனியை வெளிச்சத்தில் பிடியுங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. வெள்ளைக் கோடாக மின்னினால் மழுங்கிவிட்டது. கார்பைடைச் சாதாரணச் சாணைக்கல்லில் பிடிக்க முடியாது, வைரச் சக்கரம் வேண்டும். கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் "ஹூக் மைனஸ் 5, மாற்றக்கூடாது" என்று எழுதி பிளேடிலேயே ஒட்டிக் கொடுங்கள். கடையில் நாள் முழுக்க டேபிள் ரம்ப பிளேடுகளையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். மெஷினை மாற்றி அமைக்காமல் அதே கோணத்தில் உங்கள் பிளேடின் முகத்தையும் பிடித்துவிட்டால் மைனஸ் ஹூக் பிளேடு கொக்கியாகித் திரும்பி வரும். வாங்கி வந்ததும் மாட்டுவதற்கு முன் அந்த எஃகு ஸ்கேலை இன்னொரு முறை எடுங்கள்.